சூடு ஏறாமல் குடைவது: காந்தம் வைத்த காய்களும் பல்லாங்குழியும்

பிளாஸ்டிக் காயின் அடியில் காந்தம் வைக்க ஒரு சின்னக் குழி போட உட்காருகிறோம். கையில் பிடித்துச் சுற்றவிடும் ரோட்டரி டூலில் பிட்டை மாட்டி, வேகத்தை ஏற்றி, அழுத்துகிறோம். மூன்றே விநாடி. தூள் வர வேண்டிய இடத்தில் பிளாஸ்டிக் இடியாப்பம் மாதிரி நூல் நூலாக வருகிறது. குழியின் விளிம்பு உதடு போலப் பிதுங்கி நிற்கிறது. பிட்டின் பல்லிடுக்கெல்லாம் உருகியது அப்பிக்கொண்டு இறுகிவிடுகிறது. காயும் போச்சு, பிட்டும் பாதி போச்சு.

ரோட்டரி டூல் வேலையில் கை தவறிக் கெடுவதைவிடச் சூட்டில் கெடுவதுதான் அதிகம். பிளாஸ்டிக்கில் அது உருகலாகத் தெரியும், மரத்தில் கருகலாக, சென்னபட்டணா அரக்குக் காயில் ஒட்டும் பிசினாக. மூன்றுக்கும் காரணம் ஒன்றே: பிட் வெட்டாமல் தேய்க்கிறது. எந்தச் சாமானை எடுத்தாலும் அதை வெட்ட வைப்பது எப்படி என்பதுதான் இந்தப் பதிவு முழுக்க.

முதலில் ஒரு கணக்கு. டூலில் எழுதியிருப்பது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது. பொருளுக்குப் படுவது பிட்டின் விளிம்பு ஓடும் வேகம். 3 மி.மீ. டிரில் பிட் 10,000 சுற்றில் சுற்றினால் அதன் விளிம்பு விநாடிக்கு சுமார் 1.6 மீட்டர் ஓடுகிறது. அதே 10,000 சுற்றில் 13 மி.மீ. சாண்டிங் டிரம் (உப்புத்தாள் சுற்றிய சின்ன உருளை) விநாடிக்கு 6.8 மீட்டர். டிரம்மை 30,000-க்கு ஏற்றினால் 20 மீட்டர், அதாவது மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல். டயலில் ஒரே எண்ணை வைத்துக்கொண்டு பிட்டை மட்டும் மாற்றுகிறவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை. பிட் பெரிதானால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

அதனால் வாங்கும்போது அதிகபட்ச வேகத்தைப் பார்க்காதீர்கள், குறைந்தபட்சத்தைப் பாருங்கள். ட்ரெமல் கம்பெனியின் 3000 மாடல் தொடங்குவதே 10,000 சுற்றில். 4000 மாடல் 5,000-க்கு இறங்கும். பிளாஸ்டிக்கில் இந்த வித்தியாசம் மிகப் பெரிது. வேகம் மாற்ற முடியாத ஒற்றை வேக டூல் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் தேடினால் பெயர் தெரியாத பல டூல்கள் கிடைக்கும். அவற்றை ஒதுக்க வேண்டியதில்லை. கடையிலேயே ஒரு பிட்டை மாட்டச் சொல்லி, குறைந்த வேகத்தில் ஓடவிட்டு நுனியைப் பாருங்கள். நுனி ஒரு புள்ளியாகத் தெரிந்தால் சரி, வட்டமாக மங்கித் தெரிந்தால் தண்டு ஆடுகிறது. ஆடும் டூலில் 5 மி.மீ. குழி ஐந்தரை ஆகிவிடும். வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்த டூல் என்றால் அடியில் உள்ள தகட்டைப் படியுங்கள். 120 வோல்ட் என்று இருந்தால் நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகக் கூடாது.

தண்டின் தடிமன் இன்னொரு தலைவலி. ட்ரெமல் பிட்டுகளின் தண்டு 3.2 மி.மீ. மலிவு செட்டுகளில் பல 3 மி.மீ. நகை வேலைக்கும் பல் வைத்தியத்துக்கும் வரும் பர்கள் (பல் வைத்த குடையும் பிட்டுகள்) 2.35 மி.மீ. இவை எல்லாம் ஒரே கோலெட்டில், அதாவது தண்டைக் கவ்விப் பிடிக்கும் வாயில், உட்காராது. 3.2 கோலெட்டில் 3 மி.மீ. தண்டை முறுக்கி நிறுத்திவிடலாம், ஆனால் சுமை ஏறும்போது நழுவும், ஆடும். 2.4 மி.மீ. கோலெட் ஒன்று தனியாக வாங்கி வைத்துக்கொண்டால் அவென்யூ ரோடு பக்கம் நகைத் தொழிலாளர்களுக்குப் பொருள் விற்கும் கடைகளின் நல்ல பர்களையும் பயன்படுத்தலாம். என் கணக்கில் 150 துண்டு கொண்ட பெட்டியைவிட ஐந்து நல்ல பர் மேல்: 2 மி.மீ. உருண்டை, 4 மி.மீ. உருண்டை, அடி தட்டையான 5 மி.மீ. உருளை, கூர்மையான 1.5 மற்றும் 3 மி.மீ. டிரில் பிட். மரத்துக்கு மட்டும் கூடுதலாக, முள் முள்ளாகப் பல் வைத்த டங்ஸ்டன் கார்பைடு உருண்டை ஒன்று, 8 மி.மீ. அளவில்.

கோலெட்டில் பிட் இல்லாதபோது நட்டை இறுக்காதீர்கள். கோலெட்டின் வாய் நசுங்கினால் அதற்குப் பிறகு எந்த பிட்டும் நேராக நிற்காது. டூல் ஓடும்போது லாக் பொத்தானை அழுத்தவும் கூடாது.

காயில் காந்தம்

காந்தம் வைப்பதில் பயன் உண்டு. பயணத்துக்கு எடுத்துப் போகும் காய்கள் தகரப் பெட்டியில் அசையாமல் நிற்கும், மினியேச்சர் பொம்மைகளின் ஆயுதத்தைக் கழற்றி மாற்றலாம், மடக்குப் பலகை தானாகத் திறந்துகொள்ளாது. நியோடைமியம் காந்தத்தில் 5 மி.மீ. விட்டம், 2 மி.மீ. தடிமன் என்பதுதான் பெரும்பாலான காய்களுக்குப் போதும். ஒரு எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில், அவர்கள் கைக்கு எட்டும் விளையாட்டில் இந்தக் காந்தம் வேண்டாம். இரண்டு காந்தத்தை விழுங்கினால் அவை குடலின் இரண்டு மடிப்புகளை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்து, குடலையே ஓட்டை போட்டுவிடும். விழுங்கியிருப்பார்களோ என்ற சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மினியேச்சர் பொம்மை நிற்கும், அடியில் குடைவான 25 மி.மீ. வட்ட பேஸ் என்றால் டூலையே எடுக்க வேண்டியதில்லை. இரும்புத் தகடு ஒன்றின் மேல் பட்டர் பேப்பர் விரித்து, காந்தத்தை அதன் மேல் வையுங்கள். பேஸின் குடைவில் எம்-சீல் உருண்டை ஒன்றை அப்பி, காந்தத்தின் மேல் கவிழ்த்து அழுத்துங்கள். தகடு காந்தத்தைக் கீழே பிடித்துக்கொள்வதால் அது பேஸின் விளிம்போடு ஒரே மட்டத்தில் இறுகும். இந்த மட்டம் முக்கியம். காந்தத்துக்கும் தகரத்துக்கும் நடுவில் அரை மி.மீ. இடைவெளி விழுந்தாலே பிடி வெகுவாகக் குறையும். இறுகிய பிறகு மேலே பிடுங்காமல் பக்கவாட்டில் நகர்த்தி எடுங்கள்.

கெட்டியான பிளாஸ்டிக்கிலோ மரக் காயிலோதான் குடைய வேண்டும். அங்கே படிப்படியாகப் போவதே வழி. நடுப்புள்ளியை ஊசியால் குத்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பிட் வழுக்கிக் கோடு போடும். 1.5 மி.மீ. பிட்டைக் கையால் திருகும் பின் வைஸில் மாட்டி முதல் ஓட்டை. பிறகு 3 மி.மீ. இதையும் கையாலேயே போட்டால் நல்லது. ரோட்டரி டூலின் மிகக் குறைந்த வேகமும் பிளாஸ்டிக்கில் டிரில் செய்ய அதிகம்தான். அதற்குப் பிறகு டூலில் 4 மி.மீ. உருண்டை பர், கடைசியாக 5 மி.மீ. உருளை பர். உருண்டையோடு நிறுத்தினால் குழியின் அடி கிண்ணம் போல இருக்கும், தட்டையான காந்தம் அதில் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். உருளை பர் கொஞ்சம் ஆடுவதால் 5.1, 5.2 என்று குழி தானாகவே வந்துவிடும். பசைக்கு அந்த இடம் வேண்டும். ஆழத்துக்கு பர்ரின் நுனியிலிருந்து 2.2 மி.மீ. அளந்து தண்டில் மாஸ்கிங் டேப் சுற்றிக்கொள்ளுங்கள்.

டூலைக் காயின் மேல் வைத்து அழுத்தாமல், தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். ஒரு விநாடி தொடு, இரண்டு விநாடி தூக்கு. பிளாஸ்டிக் சூட்டைக் கடத்தாது. உண்டான சூடு உண்டான இடத்திலேயே நிற்கும். பொம்மைகளுக்கு அதிகம் வரும் பாலிஸ்டைரீன் 100 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே இளகத் தொடங்குகிறது, பி.வி.சி. இன்னும் குறைவாக 80 டிகிரி வாக்கில். பர்ரின் விளிம்பில் அந்தச் சூடு வர இரண்டு மூன்று விநாடி போதும். ஒருமுறை பல்லிடுக்கு அடைத்துவிட்டால் பர் வெட்டாது, தேய்க்க மட்டுமே செய்யும். தேய்த்தால் இன்னும் சூடு, இன்னும் உருகல். நூல் வர ஆரம்பித்ததுமே நிறுத்தி, பர் ஆறியதும் பித்தளை பிரஷ்ஷால் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் தொடர வேண்டும். பல் நெருக்கமான பர்ரைவிடப் பல் அகலமான பர் பிளாஸ்டிக்குக்கு நல்லது, தூள் வெளியேற இடம் இருக்கிறது. வைரத்தூள் ஒட்டிய பர் பிளாஸ்டிக்குக்கு வேண்டவே வேண்டாம். அது கண்ணாடிக்கும் கல்லுக்கும் ஆனது.

மென்மையான பி.வி.சி. பொம்மைகளின் அச்சுக்கோட்டை எடுக்கவும் பலர் டூலைப் பிடிக்கிறார்கள். பொம்மையைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு விறைக்க வைத்துவிட்டுக் கூரான கத்தியால் சீவுவதே சுத்தம். பி.வி.சி. கருகினால் வரும் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கிறது, மூச்சுக்குக் கெடுதல். வாசனை மூக்கில் ஏறினாலே வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம்.

ஒட்டுவது. பலரும் ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசையைத்தான் எடுக்கிறார்கள். பிடிக்கும், ஆனால் அந்தப் பசை இறுகிய பின் கண்ணாடி போல நொறுங்கும் தன்மை உள்ளது. காய் கீழே விழுந்தாலோ, காந்தம் ஆயிரம் முறை 'டக்'கென்று ஒட்டிப் பிரிந்தாலோ விரிசல் விடும். ஒரு நாள் பார்த்தால் உங்கள் காந்தம் தகரத்தில், காய் கையில். அரால்டைட் மாதிரி இரண்டு டியூப் எபாக்ஸியே சரி. அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. குழி போட்டு முடிந்ததும் 2 மி.மீ. உருண்டை பர்ரைக் குழிக்குள் விட்டு, பக்கச் சுவரில் பாதி ஆழத்தில் மெல்லிய வளையப் பள்ளம் ஒன்று ஓட்டுங்கள். எபாக்ஸி அந்தப் பள்ளத்துக்குள் போய் இறுகினால் பிளாஸ்டிக்கோடு பூட்டிக்கொள்ளும், வெளியே வராது. காந்தத்தின் நிக்கல் பூச்சில் கை எண்ணெய் இருந்தால் எந்தப் பசையும் ஒட்டாது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு வையுங்கள்.

துருவம் தலைகீழாகப் போவதுதான் மிக அதிகமாக நடக்கும் தவறு. ஒரு காந்தத்தை ஐஸ் குச்சியின் நுனியில் ஒட்டி, அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் காந்தமானாலும் முதலில் அந்தக் குச்சியில் ஒட்டவிட்டு, அதே நிலையில் குழிக்குள் இறக்குங்கள். தகரப் பெட்டிக்கு மட்டும் என்றால் துருவம் எப்படியும் இருக்கலாம். காந்தத்தோடு காந்தம் ஒட்ட வேண்டிய கை, ஆயுதம், பலகை மூடி இவற்றில் இது பிசகினால் மறுபடி தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

காந்தம் உள்ளே போன பிறகு அந்தக் காயின் அருகே டூலைக் கொண்டுபோகாதீர்கள். எஃகுப் பர்ரைக் காந்தம் இழுத்து, கை எதிர்பாராத பக்கம் திரும்பும். காந்தம் தடிமனாக இருக்கிறது என்று அதையே தேய்க்கவும் கூடாது. அதன் தூள் தீப்பற்றக் கூடியது. தவிர, சாதாரண நியோடைமியம் காந்தம் 80 டிகிரிக்கு மேல் போனால் சக்தியை நிரந்தரமாக இழக்கத் தொடங்கும்.

சென்னபட்டணா அரக்கு

பெங்களூரிலிருந்து மைசூர் ரோட்டில் 60 கிலோமீட்டர் போனால் சென்னபட்டணா. அங்கே கடைசலில் வரும் மரக் காய்கள், சோழிக்குப் பதிலான வண்ண மணிகள், செஸ் காய்கள் நம் வீடுகளில் நிறைய உண்டு. அந்த வண்ணம் பெயின்ட் இல்லை. பாலை மரத்தைக் கடைசலில் சுற்றவிட்டு, அரக்குக் குச்சியை அதன் மேல் அழுத்த, உராய்வுச் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் பரவுகிறது. பிறகு தாழை மடலால் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுகிறார்கள். உராய்வுச் சூட்டில் ஏறியது உராய்வுச் சூட்டிலேயே இளகும். அதன் மேல் சாண்டிங் டிரம் வைத்தால் இரண்டே விநாடியில் உப்புத்தாள் அடைத்துப்போய், அரக்கு மரத்தின் குறுக்கே கோடு கோடாக இழுபடும்.

எனவே அரக்குப் பரப்பை டூலால் தொடக் கூடாது. அடிப்பக்கம் அரக்கு இல்லாத வெற்று மரமாகத்தான் பெரும்பாலும் இருக்கும், காந்தத்துக்கும் எடைக்கும் அங்கேதான் குழி. காயின் பக்கங்களில் மாஸ்கிங் டேப் சுற்றி, துணி வைத்த வைஸில் லேசாகப் பிடித்துக் குடையுங்கள். வெறும் விரலில் பிடித்துக் குடைந்தால் பர் விரலுக்குப் போகும், அதில் சந்தேகமே வேண்டாம். செஸ் காய்க்கு எடை சேர்க்க ஈயம் வேண்டாம், இரும்பு வாஷரோ சைக்கிள் பேரிங் குண்டோ எபாக்ஸியில் பதித்து, மேலே ஃபெல்ட் துணி ஒட்டினால் போதும்.

பல்லாங்குழி

இதற்குத்தான் ரோட்டரி டூல் மிக நன்றாக உதவுகிறது என்பது என் எண்ணம். கடைகளில் இப்போது கிடைக்கும் பலகைகளில் குழிகள் மேலோட்டமாக இருக்கின்றன, அடி தட்டையாக, சுவர் செங்குத்தாக. ஆறாறு சோழி போட்டு ஆடும்போது, விரலை வளைத்து ஒரே வாரலில் அள்ள வராது. ஒன்றிரண்டு சோழி அடியும் சுவரும் சேரும் மூலையில் தங்கிவிடும். பசு (ஒரு குழியில் சேரும் நாலு சோழி) எடுக்கும்போது ஒன்று தங்கினால் ஆட்டக் கணக்கே மாறும். குழி கிண்ண வடிவில் இருந்தால் கடைசிச் சோழி தானாக நடுவுக்கு உருண்டு வரும். அடுத்த வீட்டுக் கன்னடக்காரர்களின் அளகுளி மணெயிலும் இதே குறைதான், இதே வைத்தியம்தான்.

ஊரிலிருந்து வந்த பலகையை வந்த கையோடு குடையாதீர்கள். காவிரிக் கரைப் பக்கமோ கடற்கரைப் பக்கமோ இருந்த மரம் பெங்களூரின் பிப்ரவரி, மார்ச் வறண்ட காற்றுக்கு வந்ததும் ஈரம் விட்டுச் சுருங்கும். சுருங்கும்போது எங்கே மெலிசாக இருக்கிறதோ அங்கே வெடிக்கும். நீங்கள் குடைந்த இடம்தான் அது. இரண்டு மூன்று வாரம் வெயில் படாத அலமாரியில் கிடக்கட்டும். அதன் பிறகு விரிசல் விழவில்லை என்றால் வேலையைத் தொடங்கலாம்.

கிண்ணம் போல இருந்தும் ஆழம் போதாத ஒரு குழியை அளந்து பார்ப்போம். வாய் அகலம் 54 மி.மீ., இருக்கும் ஆழம் 12 மி.மீ., வேண்டியது 18 என்று வையுங்கள். பலகையின் மொத்தத் தடிமனில் 18 போக அடியில் குறைந்தது 6 மி.மீ. மிஞ்ச வேண்டும். பக்கத்துக் குழிக்கும் இதற்கும் நடுவே சுவர் 5 மி.மீ. இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் ஆழத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். 54 அகலமும் 18 ஆழமும் உள்ள கிண்ணத்தின் ஆரம் 29 மி.மீ. வரும். கெட்டி அட்டையில் காம்பஸ் வைத்து 29 மி.மீ. ஆரத்தில் வட்டம் போட்டு, பாதியாக வெட்டிக்கொள்ளுங்கள். பதினாலு குழிக்கும் அதுதான் அச்சு.

அடுத்து ஆழக் குறி. 1.5 மி.மீ. பிட்டில் டேப் சுற்றி, குழியின் நடுவில் 5 மி.மீ. ஆழத்துக்கு ஒரு ஓட்டை, நடுவுக்கும் விளிம்புக்கும் பாதி தூரத்தில் நாலு திசையில் 4 மி.மீ. ஆழத்துக்கு நாலு ஓட்டை. கூரான பென்சிலை ஒவ்வொன்றிலும் விட்டு அடியைக் கறுப்பாக்குங்கள். இனி குடையும்போது கண் மதிப்பு தேவையில்லை. கறுப்புப் புள்ளி தெரிகிற வரை குடையலாம், புள்ளி மறைகிற இடத்தில் நிறுத்த வேண்டும். நடுவில் 6 வேண்டிய இடத்தில் 5 மட்டும் குறித்ததற்குக் காரணம், மீதி ஒரு மி.மீ. உப்புத்தாளில் போய்விடும்.

முள் கார்பைடு உருண்டையை 15,000 சுற்று வாக்கில் ஓட்டுங்கள். மரம் பிளாஸ்டிக் அல்ல, மிகவும் மெதுவாக ஓட்டினால் பர் துள்ளும், நாரைப் பிய்க்கும். டூலை இரண்டு கையாலும் பிடித்து, விளிம்பிலிருந்து அடியை நோக்கியே இழுங்கள். அடியிலிருந்து மேலே தள்ளினால் விளிம்பில் நார் சிலும்பாக எழும்பும். மரத்தின் ரேகை ஓடும் திசையில் பர் தானாக ஓடப் பார்க்கும், ரேகைக்குக் குறுக்கே தயங்கும். கவனிக்காமல் விட்டால் குழி வட்டமாக இல்லாமல் ரேகைப் பக்கம் நீண்டு முட்டை வடிவாகும். நாலு இழுப்புக்கு ஒருமுறை அட்டை அச்சைக் குறுக்கிலும் நெடுக்கிலும் வைத்துப் பாருங்கள். வாய் விளிம்பிலிருந்து 2 மி.மீ. உள்ளே தள்ளியே நிறுத்தி, கடைசி 2 மி.மீ.யை உப்புத்தாளுக்கு விட்டுவிடுங்கள். பர் வெளியே துள்ளினால் பலகையின் மேல் பரப்பில் கீறல் விழும். அதற்குப் பாதுகாப்பாகக் குழியைச் சுற்றி இரண்டு அடுக்கு டேப்.

கருகல் தெரிந்தால் இரண்டில் ஒன்று: ஒரே இடத்தில் பர் நின்றுவிட்டது, அல்லது பல்லில் பிசின் ஏறிவிட்டது. கருகிய மரம் மேலே மெல்லிய படலமாகத்தான் இருக்கும், ஆனால் கெட்டி. அதை உப்புத்தாளில் எடுக்கப் போனால் சுற்றியுள்ள மெத்தென்ற மரம் முதலில் தேய்ந்து அங்கே பள்ளம் விழும். பர்ரைச் சுத்தம் செய்து, லேசான இழுப்பில் கருகலை முதலில் எடுத்துவிடுவதே சரி.

ஒரு நாளைக்கு மூன்று நாலு குழிக்கு மேல் போக வேண்டாம். டூலின் உடம்பு கையில் சுடத் தொடங்கினால் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். பிறகு 80, 120, 180, 240 என்று உப்புத்தாளைக் கட்டை விரலில் சுற்றிக் கையாலேயே தேய்க்க வேண்டும். டூலில் தேய்த்தால் அலை அலையாக வரும், வெளிச்சத்தில் தெரியாது, விரலுக்குத் தெரியும். 180 முடிந்ததும் ஈரத் துணியால் ஒருமுறை துடைத்து உலரவிட்டால் மடங்கிக் கிடந்த நாரெல்லாம் எழுந்து நிற்கும். அதை 240-இல் சீவிவிடலாம்.

எண்ணெய் பூசுவதில் தேங்காய் எண்ணெயைத் தவிர்த்துவிடுங்கள். அது உலராத எண்ணெய். தூசி ஒட்டும், நாளாக ஆகச் சிக்கு வாடை வரும். ஆளி விதை எண்ணெய் உலர்ந்து இறுகும், மெல்லிசாக இரண்டு பூச்சு போதும். ஆனால் அதைத் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். உலரும்போது உண்டாகும் சூட்டில் அந்தத் துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட்டோ தண்ணீரில் நனைத்தோதான் குப்பையில் போட வேண்டும். எண்ணெய் வேண்டாம் என்றால் தச்சர்கள் அடிக்கும் அரக்குப் பாலிஷ் அழகாக இருக்கும்.

தூசி

அபார்ட்மெண்டில் இதைச் செய்ய பால்கனிதான் இடம். அட்டைப் பெட்டி ஒன்றின் ஒரு பக்கத்தை வெட்டி, பின்பக்கம் ஓட்டை போட்டு வாக்குவம் கிளீனர் குழாயைச் செருகி, பெட்டிக்குள் கையை வைத்து வேலை செய்தால் தூள் கீழ் வீட்டுத் துணிக்கொடிக்குப் போகாது. மரத்தூளுக்கும் ரெசின் தூளுக்கும் என்-95 முகக்கவசம், கண்ணாடி இரண்டும் கட்டாயம். காய்ப் பெட்டிகளுக்குத் தட்டு செய்ய எம்.டி.எஃப். (மர நாரைப் பசையில் அழுத்திய பலகை) அறுத்தால் அதில் பசையும் சேர்ந்து தூளாகிறது, அதற்கு இன்னும் கவனம் தேவை. துப்பட்டா, தொங்கும் சங்கிலி, வளையல், தொளதொளத்த சட்டைக்கை எதுவும் டூலருகே வரக் கூடாது. துணிக் கையுறையும் வேண்டாம், பர்ரில் நூல் சிக்கினால் விரலையும் சேர்த்து இழுக்கும். அறுக்கும் வட்டத் தகடு மாட்டியிருக்கும்போது தகடு சுற்றும் தளத்துக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள். தகடு உடைந்தால் துண்டு அந்தத் தளத்தில்தான் பறக்கும்.

கேரம்

கேரத்தில் டூலுக்கு வேலை மிகக் குறைவு. காயின் விட்டம் 3.02 முதல் 3.18 செ.மீ., எடை 5 முதல் 5.5 கிராம். ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் போகக் கூடாது. இவ்வளவு நெருக்கமான அளவில் உள்ளதைச் சுற்றும் டிரம்மில் காட்டினால் ஒரு பக்கம் சப்பையாகிவிடும், அது தெறிக்கும் கோணமே மாறும். காயில் சிலும்பு இருந்தால் கண்ணாடியின் மேல் 400 உப்புத்தாளை விரித்து, காயைத் தட்டையாக வைத்து எட்டுப் போடுங்கள். பாக்கெட் வாயில் பிளைவுட் நார் எழும்பியிருந்தால் மட்டும் 120 டிரம்மைக் குறைந்த வேகத்தில் ஒரு சுற்று ஓட்டலாம். அதற்கு முன் போரிக் பவுடரை ஈரத் துணியால் துடைத்து எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அது மூச்சில் ஏறும். வாய் 4.45 செ.மீ.க்கு மேல் அகலாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தாயக்கட்டை

பித்தளைத் தாயக்கட்டையில் புள்ளி தேய்ந்து, மூன்றா இரண்டா என்று சண்டை வருவது வழக்கம். புள்ளியை ஆழப்படுத்தினால் எடை மாறி விழுவது பாரபட்சமாகிவிடாதா என்று சிலர் தயங்குவார்கள். கணக்குப் போட்டால் பயம் போகும். 2 மி.மீ. விட்டத்தில் அரைக்கோளக் குழி ஒன்றில் போகும் பித்தளை சுமார் 0.018 கிராம். மூன்று புள்ளிக்கு 0.05 கிராம். 60 மி.மீ. நீளம், 8 மி.மீ. சதுரமான கட்டையின் எடை 32 கிராம் வரும். ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை. நாலு விளிம்பில் ஒன்று மட்டும் மழுங்குவதுதான் பாரபட்சத்தைக் கொண்டுவரும். ஆகவே பளபளப்பாக்குகிறேன் என்று நீள விளிம்புகளில் டிரம்மையோ பஃப் சக்கரத்தையோ காட்டாதீர்கள்.

கட்டையை இரண்டு மரச் சில்லுகளுக்கு நடுவே வைஸில் பிடித்து, பழைய புள்ளியின் நடுவில் சென்டர் பஞ்சால் ஒரு தட்டு. பித்தளை பிட்டைச் சட்டென்று கவ்வி இழுக்கும் உலோகம். கூர் மழுங்கிய பர் என்றால் புள்ளியை விட்டு ஓடி முகத்தில் கீறிவிடும், புதிய எஃகு உருண்டை பர் 2 மி.மீ.தான் இதற்கு. 10,000 சுற்று, செங்குத்தாக, ஒரு மி.மீ. ஆழம், தொட்டு எடு, தொட்டு எடு. தூளை வாயால் ஊதாதீர்கள், பித்தளைச் சில் ஊசி மாதிரி கண்ணில் குத்தும். பிரஷ்ஷால் தள்ளுங்கள். குழியில் கறுப்பு நெயில் பாலிஷை நிரப்பி, ஒரு நாள் உலர்ந்த பின் தட்டையான பலகையில் ஒட்டிய 600 உப்புத்தாளில் முகத்தை இரண்டு முறை இழுத்தால் மேலே வழிந்தது போய்ப் புள்ளி மட்டும் நிற்கும். நாலு முகத்தையும் அதே இரண்டு இழுப்பு இழுங்கள், வெறும் முகத்தையும் சேர்த்து.

பிறகு ஒவ்வொரு கட்டையையும் தனித்தனியாக 100 முறை உருட்டி எழுதுங்கள். ஒவ்வொரு முகமும் 25-ஐ ஒட்டி வர வேண்டும், 18-உம் 32-உம் சாதாரணம். 35-க்கு மேலோ 15-க்குக் கீழோ ஒரு முகம் போனால் இன்னொரு 100 உருட்டிப் பாருங்கள். மறுபடியும் அதே முகம்தான் என்றால் வெர்னியரை எடுத்து இரண்டு பக்கத் தடிமனையும் அளந்து பாருங்கள். பெரும்பாலும் கட்டை சதுரமாக வார்க்கப்பட்டிருக்காது. ஒரு பக்கம் 8.0, மறுபக்கம் 8.4 என்று இருக்கும். அதை டூலால் சரிசெய்ய முடியாது, 8.4 இருக்கும் தடிமனை, அதாவது குறுகிய முகங்களை, அரத்தில் கையால் தேய்த்துத்தான் இறக்க வேண்டும்.